பிள்ளைகுட்டியோடு பௌத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிக்கு அல்ல, ஆசிரியனும் அல்ல. 13 வயது மகளுக்கும் 7 வயது மகனுக்கும் தகப்பன். மகள் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு தியானம் பழகத் தொடங்கினேன். அப்போதெல்லாம் பௌத்தம் மிகவும் அமைதியான விஷயமாக இருந்தது. பிறகு வீட்டுக்குத் தொட்டில் வந்தது. கீழே உள்ள கேள்விகளில் பாதி மற்றப் பெற்றோர் கேட்டவை, மீதி நள்ளிரவில் நானே என்னைக் கேட்டுக்கொண்டவை. சூத்திரங்களில் இருப்பது எது, என் சொந்தக் கருத்து எது என்று பிரித்துச் சொல்லப் பார்த்திருக்கிறேன்.

புத்தரே குடும்பத்தை விட்டுப் போனவர். குடும்பஸ்தனுக்கு அவரிடம் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை மழுப்பக் கூடாது. ஆமாம், போனார். கைக்குழந்தையையும் மனைவியையும் விட்டுவிட்டுப் போனார். மகன் பிறந்த செய்தி வந்ததும் "தளை பிறந்துவிட்டது" என்றாராம். ராகுலன் என்ற பெயரே அதிலிருந்து வந்தது என்கிறது மரபு. பிள்ளை பெற்றவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டு அதிர்ச்சி வராது. அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இரவு இரண்டு மணிக்குக் கூடத்தில் நடந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அதை நினைத்திருப்பார்கள்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. ஞானம் பெற்றவர் சொந்த ஊருக்குத் திரும்பி வந்தபோது, ராகுலனின் தாய் அவனை அனுப்பி, "போய் உன் தகப்பனிடம் சொத்தைக் கேள்" என்கிறாள். சிறுவன் பின்னாலேயே நடந்து கேட்கிறான். புத்தர் தம் முதன்மைச் சீடர் சாரிபுத்தரை அழைத்து அவனுக்குத் துறவு கொடுக்கச் சொல்கிறார். தாத்தா சுத்தோதனர் உடைந்துபோகிறார். முதலில் மகன் போனான், அடுத்து இன்னொரு மகன் நந்தன் போனான், இப்போது பேரன். பிள்ளைப்பாசம் தோலை அறுக்கிறது, சதையை அறுக்கிறது, நரம்பையும் எலும்பையும் அறுத்துக்கொண்டு மஜ்ஜைவரை போகிறது என்று சொல்லி, இனிமேல் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் துறவு தர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார். புத்தர் அதை விதியாக்குகிறார். பிக்குகளுக்கான விதித் தொகுப்பான விநயத்தில் அந்த விதி இன்றும் இருக்கிறது. ஒரு கிழவரின் வேதனையைக் கேட்டுத் தம் சங்கத்தின் நடைமுறையை மாற்றிக்கொண்டவர், குடும்பம் என்றால் என்னவென்று தெரியாதவராக இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

கோலியர் குலத்துத் தீகஜாணு என்ற குடும்பஸ்தர் நம் கேள்வியையே நேராகக் கேட்டிருக்கிறார். நாங்கள் பிள்ளைகளின் நெரிசலில் கிடப்பவர்கள், சந்தனமும் மாலையும் பொன்னும் வெள்ளியும் வேண்டியிருக்கிறது, எங்களுக்கு ஆகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள் என்கிறார். முதலில் அதையெல்லாம் விட்டுவிட்டு வா என்று புத்தர் சொல்லவில்லை. ஊக்கத்தோடு தொழில் செய்வது, சம்பாதித்ததைக் காப்பது, நல்லவர்களோடு பழகுவது, வரவறிந்து செலவு செய்வது என்று இந்த வாழ்வுக்கு நான்கு சொன்னார். நம்பிக்கை, சீலம் என்ற ஒழுக்கம், ஈகை, ஞானம் என்று மறுமைக்கு நான்கு. வரவு செலவுக் கணக்கு எழுதுவதும் தம்மத்தில், அதாவது புத்தரின் போதனையில், அடக்கம் என்று தெரிந்த நாளில் எனக்குப் பெரிய நிம்மதி.

தியானத்துக்கு நேரமே கிடைப்பதில்லை. என்ன செய்வது?

கிடைக்காது. பிள்ளைகள் பிறப்பதற்கு முன் நான் தினமும் 45 நிமிடம் உட்கார்ந்தேன். மகன் பிறந்த முதல் ஆண்டில் ஒழுங்காக உட்கார்ந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். "விழிப்புணர்வோடு பாத்திரம் கழுவுங்கள், விழிப்புணர்வோடு துணி மடியுங்கள்" என்று சொல்வார்கள். எல்லாவற்றையும் அப்படிச் செய்யக் கிளம்பினால் மூன்றாம் நாள் எதுவுமே மிஞ்சாது. ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடித்தது வாசற்கதவு. வேலையிலிருந்து வந்ததும் சாவியைப் பூட்டில் நுழைப்பேன். திருப்புவதற்கு முன் மூன்று மூச்சு. உள்ளே யாரோ யாரையோ அடித்துவிட்ட சத்தம் கேட்கும். அதையும் கேட்டுக்கொண்டு மூன்று மூச்சு. பூட்டு கெட்டுவிட்டதா என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை விசாரித்தார்.

இன்னொன்று சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை. நீங்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் அந்த இருபது நிமிடமும் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? ஐந்து சீலங்களில் இரண்டாவது, கொடுக்கப்படாததை எடுக்காதிருத்தல். என் மனைவி தராத நேரத்தைப் பல மாதம் நான் எடுத்துக்கொண்டிருந்தேன், அதுவும் தியானம் என்ற பெயரில். கேட்டுப் பெற்ற பத்து நிமிடம், கேட்காமல் எடுத்த ஒரு மணி நேரத்தைவிட நன்றாக அமைகிறது. மனத்தில் உறுத்தல் இல்லாததுதான் காரணமாக இருக்கும்.

உட்கார்ந்திருக்கும்போது பிள்ளை வந்து மடியில் ஏறுகிறது. தள்ளிவிடலாமா?

வேண்டாம். அதன் மூச்சும் மூச்சுதான்.

பிள்ளைகள்மேல் கத்திவிடுகிறேன். பிறகு வெட்கமாக இருக்கிறது. இதற்கு ஏதாவது வழி?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். நான் அதிகம் கேட்ட கேள்வியும் இதுதான். அதனால் பதில் நீளும்.

முதலில் ராகுலனிடம் திரும்பிப் போவோம். அம்பலட்டிகா என்ற இடத்தில் அவன் தங்கியிருக்கிறான். அப்போது அவனுக்கு ஏழு வயது என்று உரையாசிரியர்கள் சொல்கிறார்கள். புத்தர் வருகிறார். மகன் இருக்கை போட்டு, கால் கழுவத் தண்ணீர் வைக்கிறான். அவர் கால் கழுவிவிட்டுப் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைக்கிறார். தெரிந்தே பொய் சொல்ல வெட்கப்படாதவனிடம் இருக்கும் துறவு இவ்வளவுதான் என்று அதைக் காட்டுகிறார். பிறகு அதைக் கொட்டுகிறார், பாத்திரத்தைக் கவிழ்க்கிறார், நிமிர்த்தி வெறும் பாத்திரத்தைக் காட்டுகிறார். நீண்ட உபதேசம் கிடையாது. கால் கழுவிய பாத்திரம் ஒன்றுதான் கருவி. அடுத்து ஒரு கேள்வி: கண்ணாடி எதற்கு? பார்த்துக்கொள்வதற்கு என்கிறான் மகன். அதுபோலவே செயலையும் சொல்லையும் எண்ணத்தையும், செய்வதற்கு முன்பும் செய்யும்போதும் செய்த பின்பும் பார்த்துக்கொள். உனக்கோ பிறருக்கோ துன்பம் தருமானால் விட்டுவிடு என்கிறார்.

சிறுவனுக்குச் சொன்ன பாடம். நான் அதைப் பெற்றோருக்கு எழுதியதாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு காலை. பள்ளி வண்டி வர ஆறு நிமிடம் இருக்கிறது. மகன் ஷூ லேஸைத் தானே கட்டுவேன் என்று வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறான். நாக்கு நுனி வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. ஒரு காது மடித்தாகிவிட்டது, இன்னொரு காது நழுவுகிறது. மறுபடி. இரண்டும் வந்தன, ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று அவனுக்குத் திருப்தியில்லை, அவிழ்த்துவிட்டான். "கொடு இங்கே" என்று காலைப் பிடுங்கி இழுத்து, இறுக்கிக் கட்டி, என்னவோ சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. அவன் அழவில்லை. மறுநாள் காலை வாசற்படியில் உட்கார்ந்ததும் லேஸைத் தொடவே இல்லை. காலை என் பக்கம் நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நீட்டிய கால்தான் எனக்கு வந்த கண்ணாடி.

இப்போது மூன்று வேளையையும் என் அனுபவத்தில் சொல்கிறேன். முன்பு பார்ப்பது மிகக் கடினம், ஏனென்றால் கோபம் நமக்குக் கோபமாகத் தெரியாது, நியாயமாகத் தெரியும். அதனால் மனத்தைக் கவனிப்பதைவிட உடம்பைக் கவனிப்பது எளிது. எனக்குக் கடைவாய்ப் பல் கடிபடும், குரல் தாழும். ஆமாம், தாழும், கத்துவதற்குச் சற்று முன் என் குரல் அபாயகரமான மரியாதையோடு இருக்கும் என்று மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். உங்களுக்கு வேறு அடையாளம் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நடுவில் பார்ப்பது, அதாவது கத்திக்கொண்டிருக்கும்போதே தெரிவது, இரண்டாம் கட்டம். அப்போது பாதி வாக்கியத்தில் நிறுத்த வேண்டும். அசிங்கமாகத்தான் இருக்கும். வாக்கியத்தை முடித்துவிட்டு நிறுத்தலாம் என்று தோன்றும். முடிக்காதீர்கள், காயப்படுத்தும் சொல் பெரும்பாலும் அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கும்.

பின்பு பார்ப்பது எல்லோராலும் முடியும், தொடங்க வேண்டியது அங்கேதான். அங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. தவறு செயலிலோ சொல்லிலோ நடந்திருந்தால் ஆசிரியரிடமோ உடன் பயில்வோரிடமோ வாய்விட்டுச் சொல் என்கிறார் புத்தர். மனத்துக்குள் வருந்தி முடித்துக்கொள்ள அந்த இரண்டுக்கும் அனுமதி இல்லை. குளியலறையில் தனியாக நின்று வெட்கப்படுவது பயிற்சி ஆகாது.

பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மதிப்பு போய்விடாதா?

போகாது. போவது வேறொன்று: அப்பா தப்பே செய்யமாட்டார் என்ற பிம்பம். அது எப்படியும் பத்து வயதுக்குள் போய்விடும், நம் உதவி தேவையில்லை.

ஒரே எச்சரிக்கை, "ஆனால்" சேர்க்காதீர்கள். "கத்தியது தப்புதான், ஆனால் நீ மட்டும் நேரத்துக்குக் கிளம்பியிருந்தால்" என்று தொடங்கினால் அது மன்னிப்பு அல்ல, குற்றப்பத்திரிகையின் இரண்டாம் பக்கம். லேஸ் விஷயத்தில் நான் சொன்னது இவ்வளவே: "நேற்று உன் காலைப் பிடித்து இழுத்தேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது. இன்று நேரம் இருக்கிறது." அவன் உடனே மனம் இளகி லேஸை எடுத்துக் கட்டவெல்லாம் இல்லை. நான்கு நாள் ஆனது.

அகிம்சை என்றால் கண்டிக்கவே கூடாதா?

அபயன் என்ற இளவரசன் மடியில் குழந்தையோடு புத்தரிடம் பேசிக்கொண்டிருந்தான். பிறருக்குப் பிடிக்காத சொல்லைப் புத்தர் பேசுவாரா என்பது விவாதம். அவர் அந்தக் குழந்தையையே உதாரணமாக எடுத்தார். இவன் ஒரு குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய்? எடுப்பேன் என்றான் அபயன். வராவிட்டால் இடக்கையால் தலையைப் பிடித்துக்கொண்டு, வலக்கை விரலை வளைத்து, இரத்தம் வந்தாலும் எடுத்துவிடுவேன், அவன்மேல் இரக்கம் இருப்பதால். கசப்பான ஆனால் உண்மையான, பயனுள்ள சொல்லையும் அப்படித்தான் வேளை பார்த்துச் சொல்வேன் என்றார் புத்தர்.

ஆகவே கண்டிப்பு உண்டு. இரவு ஒன்பது மணிக்கு ஃபோனை வாங்கி வைப்பது கருணைதான், வாங்கும்போது மகள் கதவை அறைந்து சாத்தினாலும். ஆனால் அந்த உவமையில் விரல் எதைத் தேடிப் போகிறது என்று பாருங்கள். கல்லை. எடுத்ததும் வேலை முடிந்தது. "இனிமேல் வாயில் போடுவாயா" என்று கேட்டு ஒன்று வைப்பதற்கு அங்கே இடமில்லை. அடிப்பதைப் பற்றி என் கருத்து இது: நான் அடித்த இரண்டு சந்தர்ப்பத்திலும் கல் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டிருந்தது. அடி எனக்காக.

பற்று கூடாது என்கிறது பௌத்தம். பிள்ளைமேல் பாசமும் கூடாதா?

"பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு" என்பார்கள். பௌத்தம் அந்தப் பித்தைத் தெளிவிக்கப் பார்க்கிறது. கல்லாக மாறச் சொல்வதில்லை. தன் ஒரே பிள்ளையை உயிரைக் கொடுத்துக் காக்கும் தாயைப் போல எல்லா உயிர்கள்மேலும் எல்லையற்ற அன்பை வளர்க்க வேண்டும் என்கிறது மைத்திரி சூத்திரம். பாசம் கெட்டது என்றால் உவமைக்கு அந்தத் தாயை எடுத்திருக்க மாட்டார்கள்.

எனக்கு மிகவும் உதவிய இடம் 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் தொகுத்த விசுத்திமார்க்கத்தில் இருக்கிறது. மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்ற நான்கையும் விளக்க அவர் நான்கு பிள்ளை பெற்ற ஒரு தாயைக் காட்டுகிறார். ஒருவன் குழந்தை, ஒருவன் நோயாளி, ஒருவன் இளமைப் பொலிவில் இருப்பவன், ஒருவன் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்பவன். குழந்தை வளர வேண்டும் என்று விரும்புகிறாள், அது மைத்திரி. நோயாளி தேற வேண்டும் என்று விரும்புகிறாள், கருணை. இளையவன் அந்த இளமையை நெடுநாள் அனுபவிக்கட்டும் என்கிறாள், முதிதை. நான்காமவனைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கிறாள், உபேட்சை. நால்வரும் அவள் பிள்ளைகளே. அவளுக்கு அன்பு குறையவில்லை, ஆளுக்கு ஏற்ற வடிவத்தில் இருக்கிறது.

என் வீட்டில் இருப்பது இரண்டே பிள்ளைகள். ஆனால் ஒவ்வொன்றும் ஒரே நாளில் நால்வராகவும் ஆகும். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டாமவள். காய்ச்சல் இறங்கிய மறுநாள் "என் அறைக்குள் வராதீர்கள்" என்று நான்காமவள். நாம் சறுக்குவது எங்கே என்றால், நான்காமவளிடம் போய் முதலாமவளுக்கான அன்பைக் காட்டும்போது. உபேட்சையை அலட்சியம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கையை எடுத்துவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பது என்று சொன்னால் பெற்றோருக்குப் புரியும். பிள்ளைக்குச் சைக்கிள் பழக்கியவர்களுக்கு நிச்சயம் புரியும்.

சுப்பவாசை என்ற பெண்ணின் கதையையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்கவாவது உதவும். அவள் ஏழு ஆண்டு கர்ப்பம் சுமந்து, ஏழு நாள் பிரசவ வேதனைப்பட்டு ஒரு மகனைப் பெற்றாள். அந்தப் பிள்ளையைப் பார்த்து மகிழ்ந்திருந்தவளிடம், இப்படி இன்னொரு மகன் வேண்டுமா என்று புத்தர் கேட்டார். இன்னும் ஏழு வேண்டும் என்றாள். இரண்டாவது குழந்தைக்குத் தயாரானபோது எங்கள் வீட்டிலும் யாருக்கும் முதல் குழந்தையின் இரவுகள் நினைவில் இல்லை.

பஞ்சசீலத்தை வீட்டில் எப்படிக் கடைப்பிடிப்பது?

மாதவிக்கு அறவண அடிகள் நான்கு வாய்மைகளோடு கற்பித்த ஐவகைச் சீலம் இதுதான் என்பதை மணிமேகலை படித்தவர்கள் அறிவார்கள். அவளும் ஒரு மகளை வளர்த்தவள். கொல்லாமை, கொடாததை எடுக்காமை, முறையற்ற காமம் தவிர்த்தல், பொய்யாமை, மயக்கும் பொருள் தவிர்த்தல். மூன்றாவதும் ஐந்தாவதும் உங்களுக்கே தெரியும், அவற்றைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டிய அவசியமில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலாவதில் சங்கடம் சின்ன உயிர்களிடம்தான் வரும். சிலந்தியை டம்ளரால் மூடி, அடியில் அட்டையைச் செருகி வெளியே கொண்டுபோய் விடுவது எங்கள் வீட்டில் மகனின் பதவி. ஆனால் பள்ளியிலிருந்து மகள் தலை நிறையப் பேன் கொண்டுவந்தபோது மருந்து போட்டோம். அது கொலையில் சேராது என்று நான் வாதாடவில்லை. தெரிந்தே செய்தேன், தெரிந்தே செய்தேன் என்று அவளிடமும் சொன்னேன்.

வீட்டுக்குள் உண்மையான வேலை நான்காவது சீலத்தில் இருக்கிறது. ஒரு வாரம் உங்கள் பொய்களை எண்ணிப் பாருங்கள். "ஃபோனில் சார்ஜ் இல்லை." "ஐந்தே நிமிடத்தில் வருகிறேன்." "ஊசி வலிக்கவே வலிக்காது." "நீ இப்போது வராவிட்டால் உன்னை விட்டுவிட்டுப் போய்விடுவேன்." நான் எண்ணியபோது பிள்ளைகளிடம் சொன்னவையே அதிகம், ஏனென்றால் அவர்களிடம் சொல்லும் பொய்யை நாம் பொய்யில் சேர்ப்பதில்லை. ஊசி விஷயத்தை மட்டும் முதலில் மாற்றினேன். "வலிக்கும். பத்து எண்ணுவதற்குள் குறைந்துவிடும். கையைப் பிடித்துக்கொள்கிறேன்." மகன் அப்போதும் அலறினான். ஆனால் அடுத்த முறை "வலிக்குமா" என்று கேட்டுவிட்டு என் முகத்தைத் துருவிப் பார்க்கவில்லை. "ஃபோன் தரமாட்டேன்" என்று நேராகச் சொல்வதுதான் இன்னும் எனக்குக் கடினமாக இருக்கிறது. சார்ஜ் இல்லை என்றால் அழுகை வராது.

துணைவருக்கு இதில் ஈடுபாடே இல்லை.

என் மனைவிக்கும் இல்லை. "உங்கள் பௌத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, காலையில் பாத்திரமும் கழுவினால் இன்னும் நன்றாக இருக்கும்" என்றாள் ஒருமுறை. அதைவிடச் சுருக்கமான உபதேசத்தை நான் கேட்டதில்லை.

சிகாலோவாத சூத்திரத்தில் கணவனுக்குச் சொன்ன ஐந்து கடமைகளைப் படியுங்கள்: மதித்தல், இழிவாகப் பேசாமை, துரோகம் செய்யாமை, வீட்டு அதிகாரத்தை ஒப்படைத்தல், அணிகலன் தருதல். மனைவியைத் தியானம் செய்ய வைப்பது அந்தப் பட்டியலில் இல்லை. நகுலபிதா, நகுலமாதா என்ற தம்பதி அடுத்த பிறவியிலும் ஒருவரை ஒருவர் காண விரும்பிக் கேட்டபோது, நம்பிக்கை, சீலம், ஈகை, ஞானம் நான்கிலும் இருவரும் சமமாக இருங்கள் என்று புத்தர் சொன்னது உண்மை. என் கணக்கில் ஈகையில் மனைவி என்னைவிட வெகுதூரம் முன்னால் இருக்கிறாள். சமமாக வேண்டியவன் நான்.

பிள்ளைகளை எந்த வயதில் தியானத்தில் உட்காரவைக்கலாம்?

"உட்காரவைப்பது" என்ற சொல்லிலேயே எனக்குச் சந்தேகம். அனாதபிண்டிகர் என்ற பெரும் வணிகர் புத்தரின் முதன்மையான கொடையாளர். அவர் மகன் காலனோ விகாரைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன். நாம் செய்வதைத்தான் அவரும் செய்தார், காசு கொடுத்தார். உபோசதம் என்ற நோன்பு நாளில் விகாரைக்குப் போய்வந்தால் நூறு காசு. பையன் போனான், ஒரு வசதியான மூலையில் தூங்கினான், காலையில் வந்து காசை வாங்கிக்கொண்டுதான் உணவைத் தொட்டான். அடுத்து, ஒரே ஒரு செய்யுளைக் கற்றுவந்தால் ஆயிரம் என்றார். கற்க முயன்றான், மனத்தில் தங்கவில்லை, மறுபடி மறுபடி கேட்டான், கேட்டதில் பொருள் பிடிபட்டுவிட்டது. மறுநாள் புத்தரின் முன்னிலையில் தகப்பன் பணத்தை நீட்டியபோது அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது, வாங்க மறுத்துவிட்டான். தம்மபத உரையில் உள்ள கதை இது. லஞ்சத்தைப் பரிந்துரைக்கிறதா, கேலி செய்கிறதா என்று எனக்கு இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

இதற்கு நேர்மாறாக இன்னொரு காட்சி. கடும் தவத்தால் பயனில்லை என்று கண்டபோது சித்தார்த்தருக்கு நினைவுக்கு வந்தது சிறுவயது அனுபவம் ஒன்று. தகப்பன் வேலையில் இருந்தார், இவர் நாவல் மர நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தார், மனம் தானாக அமைதியில் ஆழ்ந்தது. யாரும் உட்காரவைக்கவில்லை. பெரியவர்கள் செய்த ஒரே உதவி, அவரை விட்டுவைத்தது.

வீட்டில் நாங்கள் செய்வது ஒரு விளையாட்டு. கிண்ணத்தைக் கரண்டியால் ஒருமுறை தட்டுவது, ஓசை முற்றிலும் அடங்கியதும் கை தூக்குவது. மகனின் கை எப்போதும் எனக்குப் பிறகுதான் எழும். அவன் காது கூர்மை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: சேட்டை செய்த பிள்ளையை "போய் மூச்சைக் கவனி" என்று மூலைக்கு அனுப்பாதீர்கள். தியானம் தண்டனை என்று ஆயுளுக்கும் பதிந்துவிடும்.

தாத்தா பாட்டி வேறு மதம். அவர்கள் வழிபாட்டில் பிள்ளைகள் கலந்துகொள்ளலாமா?

சிகாலன் என்ற இளைஞன் ஈரத் துணியோடும் ஈரத் தலையோடும் ஆறு திசைகளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான், இறந்த தகப்பனின் கடைசிச் சொல்லுக்காக. புத்தர் அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆறு திசைக்கும் வேறு பொருள் கொடுத்தார்: கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர்கள், கீழே பணியாளர், மேலே துறவிகள். தாத்தாவோடு கைகூப்பி நிற்கும் பிள்ளைக்குக் கிழக்கு எது என்று தெரிந்திருந்தால் போதும் என்று நான் விட்டுவிட்டேன்.

செத்துப்போனால் என்ன ஆகும் என்று பிள்ளை கேட்கிறது.

"தூங்கிவிட்டார்", "தூரமாகப் போயிருக்கிறார்" என்று சொல்லாதீர்கள். தூங்கிவிட்டார் என்று கேட்ட பிள்ளை அன்றிரவு தூங்கப் பயப்படும். மகனின் மீன் ஒன்று ஒருநாள் தண்ணீரில் பக்கவாட்டில் மிதந்தது. அவன் தொட்டியைத் தட்டினான், அசையவில்லை. செத்துவிட்டது, இனி நீந்தாது, இனி வலிக்காது என்றேன். "நீங்களும் சாவீர்களா?" ஆமாம். "எப்போது?" தெரியாது. சற்று நேரம் யோசித்துவிட்டு, மீன் உணவு டப்பாவை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டான். பிள்ளைகள் தாங்கும் அளவுக்கு மட்டும் கேட்கிறார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். மறுபிறவி பற்றிக் கேட்டால், புத்தர் இப்படிச் சொன்னார், நான் பார்த்ததில்லை என்பேன்.

இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வந்த கிசாகோதமியிடம், சாவே நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கிவா என்று புத்தர் சொன்ன கதையைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்ல அவசரப்படாதீர்கள். அது பெற்றவர்களுக்கான கதை. எடுத்த எடுப்பில் நிலையாமை பற்றி அவர் அவளுக்குப் பாடம் எடுக்கவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். வீடு வீடாக நடக்கவிட்டார்.

வீட்டில் புத்தர் சிலை வேண்டுமா?

வேண்டுமானால் வையுங்கள். பந்து படாத உயரத்தில்.

பதின்வயது மகள் எதற்கும் பதில் சொல்வதில்லை.

நல்ல பேச்சுக்குப் புத்தர் ஐந்து அடையாளம் சொல்கிறார்: உரிய வேளை, உண்மை, மென்மை, பயன், அன்புள்ள மனம். நான் பேசுவதில் பின்னவை நான்கும் ஓரளவு தேறும். வேளைதான் தவறும். அவள் வாசலில் நுழையும்போதே கேட்பேன். இப்போது கேட்பதில்லை. இரவு பத்து மணி வாக்கில் தண்ணீர் குடிக்க வருகிறாள், மேடையில் சாய்ந்து நிற்கிறாள். நானும் ஏதோ துடைத்துக்கொண்டு நிற்கிறேன். சில இரவுகளில் பேசுகிறாள். பல இரவுகளில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போகிறாள்.

எத்தனை நாளில் மாற்றம் தெரியும்?

நான் இன்னும் கத்துகிறேன். போன வாரம்கூட. முன்பெல்லாம் கத்தியது இரவு படுக்கும்போதுதான் உறைக்கும், இப்போது பக்கத்து அறையை எட்டுவதற்குள் உறைத்துவிடுகிறது. சில நாள் வாக்கியத்தின் நடுவிலேயே. பதினான்கு ஆண்டுப் பயிற்சியில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று மகளிடம் சொன்னேன். தனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றாள். தம்பியைக் கேட்டோம். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தவன் நிமிராமல், "கொஞ்சம்" என்றான்.